சிற்றளவு நஞ்சும் சட்ட வரம்பும்

ஒரு பொருள் நஞ்சாவதும் நஞ்சாகாதிருப்பதும் அதன் அளவைப் பொறுத்தது என்னும் கருத்து, பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்ற ஐரோப்பிய மருத்துவரின் பெயரால் வழங்கி வருகிறது. நச்சியல் கற்பிக்கும் ஒவ்வொரு வகுப்பும் இக்கருத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். சமையல் உப்பும் அளவு மிஞ்சினால் உயிரைப் போக்கும். கொடிய நஞ்சு எனப்படும் பொருள்களுட் சில தக்க அளவில் மருந்தாகின்றன. எனவே ஒவ்வொரு நஞ்சுக்கும் ஒரு தொடக்க அளவு உண்டு, அதற்குக் கீழே உடல் அதனைத் தானே சமாளித்துக் கொள்ளும், ஆகையால் அவ்வளவைக் கண்டறிந்து சட்டத்தில் எழுதிவிட்டால் மக்களைக் காத்தவர்கள் ஆவோம் என்பது வெகுகாலமாக அரசாங்கங்கள் கைக்கொண்ட முறையாகும்.

அளவைக் கண்டறியும் வழியும் எளியதே. எலி போன்ற விலங்குகளுக்கு அப்பொருளை நாள்தோறும் ஊட்டி, யாதொரு தீங்கும் தோன்றாத மிகப்பெரிய அளவு எதுவெனக் காண்பர். பின்னர் அதனை 100 ஆல் வகுப்பர். இந்த 100 என்னும் வகுக்கும் எண்ணை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த லேமன், ஃபிட்ஸ்ஹியூ என்னும் இருவர் 1954-இல் எடுத்துரைத்தனர். மனிதன் விலங்கைவிடப் பத்து மடங்கு எளிதில் பாதிக்கப்படலாம், மனிதருள்ளும் நலிந்தவர் மற்றவரினும் பத்து மடங்கு எளிதில் பாதிக்கப்படலாம், பத்தைப் பத்தால் பெருக்க நூறாயிற்று என்று அதற்கு விளக்கம் தரப்படுகிறது. 100 என்பதை எந்த எலியும் சொல்லவில்லை. 60 என்றோ 250 என்றோ இருந்திருந்தாலும் அதனை மறுப்பதற்குப் பரிசோதனைச் சான்று இருந்திராது. ஐயம் உள்ள இடத்தில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை மனிதர் கூடி முடிவு செய்த எண் அது. ஆகவே சட்ட வரம்பு என்பதில் ஒரு பகுதி விஞ்ஞானமும் மற்றொரு பகுதி நியாயம் பற்றிய தீர்ப்பும் கலந்திருக்கின்றன. இவ்விரண்டில் எது எது என்று பிரித்தறியாமல், அட்டவணையில் அச்சான எண்ணை இயற்கையின் விதியெனக் கொள்வதால் விளையும் கேட்டிற்குக் காரீயத்தின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று இல்லை.

காரீயம் என்ற சொல்லை இங்கே கவனித்தல் வேண்டும். தமிழில் ஈயம் என்பது வெள்ளீயம், காரீயம் ஆகிய இரு வேறு உலோகங்களையும் குறிப்பதாக வழங்குகிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டியது. அதில் காரீயம் கலந்திருக்குமாயின் புளிக்கரைசல் அதனைக் கரைத்து உணவிற் சேர்த்துவிடும். பாடம் நடத்தும் ஆசிரியர் இவ்வேறுபாட்டைச் சொல்லாவிடில் மாணவர் நல்ல பாத்திரத்திற்கு அஞ்சவும் தீய பாத்திரத்தை நம்பவும் கூடும்.

பெட்ரோலில் கலந்த காரீயம்

மோட்டார் இயந்திரத்தில் எழும் தட்டல் ஓசையை நீக்குவதற்கு டெட்ராஎத்தில் ஈயம் என்னும் சேர்மத்தைப் பெட்ரோலில் சிறிது கலந்தால் போதும் என்பதை 1921 டிசம்பரில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். 1923-இல் அப்பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நியூஜெர்ஸியில் அச்சேர்மத்தைத் தயாரித்த ஆலையொன்றில் ஐந்து தொழிலாளர் சித்தம் கலங்கி மாண்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நாடெங்கும் எழுந்த கலக்கத்தை முன்னிட்டு 1925 மே மாதத்தில் அந்நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி வாஷிங்டனில் ஒரு மாநாட்டைக் கூட்டினார்.

அம்மாநாட்டில் எழுந்த வாதம் இன்றும் தீர்ந்தபாடில்லை. தொழிலாளர் நோய்களை ஆராய்ந்து புகழ்பெற்ற டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையாரும் அவரைச் சார்ந்தோரும், காரீயம் உடலிற் சிறுகச் சிறுகச் சேரும் நஞ்சாதலால் அதனைத் தெருவெங்கும் பரப்புவதற்கு முன்பே தீங்கின்மையை நிறுவ வேண்டும் என்றனர். தொழிலின் சார்பில் பேசிய டாக்டர் ராபர்ட் கீஹோ, உண்மையான தீங்கு காட்டப்பட்டால் உற்பத்தியை நிறுத்தத் தடையில்லை, வெறும் ஐயத்தை முன்னிட்டுப் பயனுள்ள பொருளைக் கைவிடுதல் முறையன்று என்றார். மெய்ப்பிக்கும் சுமை யாருடையது என்பதே இங்கு வழக்கு. 1926 தொடக்கத்தில் அறிக்கை தந்த விசாரணைக் குழு, தடை விதிக்கப் போதிய ஆதாரம் அப்போதைக்கு இல்லை என்றும், நெடுங்கால உபயோகத்தில் தீங்கு தோன்றக் கூடுமாதலால் ஆராய்ச்சி தொடர வேண்டும் என்றும் கூறிற்று. முதற்பகுதி உடனே நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பகுதியான ஆராய்ச்சி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் தொழிலின் பணத்தில், கீஹோவின் ஆய்வுக்கூடத்திலேயே நடந்தது.

கீஹோவைப் பொய்யர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதனாற் பயனில்லை. அவருடைய அளவீடுகள் அக்காலத்திற்குத் திருத்தமானவை. மண்ணிலும் உணவிலும் எல்லா மனிதரின் இரத்தத்திலும் காரீயம் இருக்கக் கண்டார். எல்லோரிடமும் இருப்பதால் அது இயற்கையானது. உடல் அதனைக் கழித்துவிடுகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மைக்ரோகிராமுக்குக் கீழே நோய்க்குறி காணப்படுவதில்லை. ஆகவே அது பாதுகாப்பான வரம்பு என்று முடித்தார். பிழை இரண்டாவது சொல்லில் நேர்ந்தது. எங்கும் காணப்படுவது வேறு, இயற்கையானது வேறு.

இப்பிழையைக் கண்டவர் மருத்துவரல்லர். பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன் என்னும் புவி வேதியியலார் அவர். கல்லிலும் விண்கல்லிலும் உள்ள காரீயத்தின் வகைகளை அளக்க முற்பட்டபோது, ஆய்வுக்கூடக் காற்றிலும் தூசியிலும் கைகளிலும் இருந்த காரீயம் தம் அளவீட்டைக் கெடுப்பதைக் கண்டு, பல ஆண்டுகள் செலவிட்டு மாசற்ற அறையொன்றை அமைத்தார். பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்ற முடிவை 1956-இல் வெளியிட்ட பின்னர், ஆய்வுக்கூடத்திற்குள் அவ்வளவு காரீயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் விடவில்லை. அக்காலத்து அமெரிக்கர் உடலிலிருந்த காரீயம் இயற்கை அளவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு என்று 1965-இல் எழுதினார். கிரீன்லாந்தின் பழம் பனிப்படலங்களை வெட்டியெடுத்து ஆராய்ந்து, 1940-க்குப் பின் காரீயம் செங்குத்தாக உயர்ந்திருப்பதை 1969-இல் சகாக்களுடன் சேர்ந்து வெளியிட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மாசற்ற மனிதர் ஒருவரும் உலகில் எஞ்சியிராத நிலையில், சராசரி மனிதனையே நலமுள்ளவன் என்று கொண்டதால் வந்த வினை இது.

ஆசிரியர்கள் கண்ட சான்று

நோய்க்குறி இல்லையென்றால் தீங்கில்லை என்ற கூற்றை உடைத்த ஆராய்ச்சியிற் பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹெர்பெர்ட் நீடில்மன் என்னும் குழந்தை மருத்துவர் தம் குழுவினருடன் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் செல்ஸி, சோமர்வில் நகரங்களில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்தார். இரத்தத்தில் காரீயம் ஒரு மாத காலத்திற் பாதியாகக் குறைந்துவிடும்; பல்லும் எலும்புமோ பல்லாண்டுச் சேமிப்பைக் காட்டும். எப்பிள்ளையின் பல்லில் எவ்வளவு காரீயம் என்பதை அறியாத ஆசிரியர்களிடம், இப்பிள்ளை எளிதில் கவனம் சிதறுகிறதா, எடுத்த வேலையை முடிக்கிறதா, சொன்னதைப் புரிந்து நடக்கிறதா என்பன போன்ற பதினொரு கேள்விகள் கேட்கப்பட்டன. 2,146 பிள்ளைகளைப் பற்றிய விடைகளைப் பல்லின் காரீய அளவோடு சேர்த்துப் பார்த்தபோது, அளவு ஏற ஏறக் குறை கூறும் விடைகளும் படிப்படியாக ஏறின. இடையில் எங்கும் ஒரு தொடக்க வரம்பு தென்படவில்லை. அறிவுத்திறன் சோதனையில் மிகுந்த காரீயம் உடையவர் குறைந்தவரைவிடச் சராசரி 4 புள்ளிகள் பின்தங்கினர். இவ்வாராய்ச்சி 1979-இல் வெளிவந்தது. அப்பிள்ளைகளுள் எவரும் காரீய நோயாளி என்று மருத்துவமனையிற் சேர்ந்தவரல்லர்.

நான்கு புள்ளி என்பது தனியொரு பிள்ளையிடம் கண்டறிய இயலாத வேறுபாடு. நேற்று நன்றாக உறங்காத பிள்ளையும் அவ்வளவு குறைவாகப் பெறலாம். ஆயின் கூட்டத்தில் வைத்துக் கணக்கிட்டால் நிலைமை வேறு. அறிவுத்திறன் எண்ணின் சராசரி 100, திட்ட விலக்கம் 15 எனக் கொண்டால், 1,000 பிள்ளைகளில் சுமார் 23 பேர் 70-க்குக் கீழே இருப்பர். சராசரி 5 புள்ளிகள் மட்டும் இறங்கி 95 ஆனால் அத்தொகை சுமார் 48 ஆகும். இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. 130-க்கு மேற்பட்டோர் 23-இலிருந்து 10 ஆகக் குறைவர். உயர்நிலை வகுப்பில் இயல்நிலைப் பரவலைக் கற்பிப்போர் இதனைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். தீங்குற்ற பிள்ளையைச் சுட்டிக் காட்ட முடியாது. இருப்பினும் தீங்கு நேர்ந்துள்ளது. குற்றவாளியும் உண்டு, இழப்பும் உண்டு, முறையீடு செய்வதற்கு மட்டும் ஆளில்லை. சிற்றளவு நஞ்சைப் பற்றிய அறநெறிச் சிக்கல் முழுவதும் இவ்விடத்திற் குவிகிறது.

பின்வந்த கணக்கு மேலும் வியப்பளிப்பது. பல நாடுகளில் நடந்த ஏழு நெடுங்கால ஆய்வுகளிலிருந்து 1,333 பிள்ளைகளின் விவரங்களைச் சேர்த்து 2005-இல் வெளியான ஆய்வின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் காரீயம் 2.4-இலிருந்து 10 மைக்ரோகிராமுக்கு உயரும்போது ஏறத்தாழ 4 புள்ளிகளும், 10-இலிருந்து 20-க்கு உயரும்போது ஏறத்தாழ 2 புள்ளிகளும், 20-இலிருந்து 30-க்கு உயரும்போது ஒரு புள்ளியை ஒட்டியும் இழப்பு ஏற்படுகிறது. அதாவது முதற் சிற்றளவே மிகுதியாகக் கெடுக்கிறது. அதிகம் பட்டவரை அளந்து நேர்கோடு கிழித்துக் கீழே இறங்கிவரும் பழைய முறை இங்கே தீங்கைக் குறைத்தே மதிப்பிடும்.

வரம்பு இறங்கிய வரலாறு

அமெரிக்காவில் பிள்ளைகளின் இரத்தத்தில் கவலைக்குரியது எனக் கொண்ட அளவு 1960-களில் 60 மைக்ரோகிராம். 1970-களின் தொடக்கத்தில் 40 ஆயிற்று. 1975-இல் 30, 1985-இல் 25, 1991-இல் 10, 2012-இல் 5, 2021-இல் 3.5. பிள்ளைகளின் உடல் இந்த ஆண்டுகளில் மாறவில்லை. 1970-இல் 45 மைக்ரோகிராம் உடைய பிள்ளையின் தாயிடம் அச்சமில்லை என்று சொல்லியனுப்பிய மருத்துவர் அன்றைய விதிப்படி தவறு செய்தவரும் அல்லர்.

இறுதியில் நிற்கும் 3.5 என்பதைப் பலர் பாதுகாப்பான அளவெனத் தவறாகப் படிக்கின்றனர். அந்நாட்டுச் சிறுபிள்ளைகளுள் மிகுந்த காரீயம் உடைய 2.5 விழுக்காட்டினரைப் பிரித்துக் காட்டும் புள்ளிவிவரக் கோடு அது; முதலில் யாரை நாட வேண்டும் என்று காட்டுவதேயன்றி, கீழுள்ளோர்க்குத் தீங்கில்லை எனச் சான்று வழங்குவதன்று. உலக சுகாதார நிறுவனம் காரீயத்திற்குத் தீங்கற்ற அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது. உணவு வழியே வாரத்திற்கு உடல் எடையில் கிலோகிராமுக்கு 25 மைக்ரோகிராம் வரை ஏற்கலாம் என்று முன்னர் வகுக்கப்பட்ட சர்வதேச அளவு 2010-இல் விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வேறு எண் தரப்படவில்லை.

அவ்வாறாயின் சட்டத்தில் பூச்சியம் என்றே எழுதிவிட்டால் என்ன? 1958-இல் அமெரிக்கச் சட்டத்தில் புகுந்த டெலானி விதி, மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் விளைப்பதாகக் கண்ட எப்பொருளையும் உணவிற் சேர்த்தலாகாது என்று முற்றாகத் தடுத்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆயின் அளக்கும் கருவி கூர்மையடையும்தோறும் பூச்சியம் விலகிச் சென்றது. நேற்று இல்லையென்று பதிவான பொருள் இன்று நூறு கோடியில் ஒரு பங்காகத் தென்படும். பூச்சியம் என்னும் வரம்பு கடைசியில் கருவியின் திறனுக்கு வரம்பாகிவிடுகிறது. மேலும், அச்சத்திற்கும் ஒரு விலை உண்டு. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தின்போது மக்கள் பெருந்தொகையாக அப்புறப்படுத்தப்பட்டனர். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்தோர் பலர் இடமாற்றத்தின் துன்பத்தால் இறந்தனர். விபத்துக்குப் பிந்திய அலைச்சல் முதலிய காரணங்களால் நேர்ந்தவை என அம்மாகாணத்தில் ஏற்கப்பட்ட மரணங்கள் 2,000-க்கு மேற்பட்டவை. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலின் இயற்கைக் கதிர்வீச்சில் வாழும் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அதனால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என்று 2009-இல் தெரிவித்தது. இருந்தும் கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையினர் சிற்றளவுக்கும் சிறு தீங்கு உண்டு என்னும் கொள்கையையே மேற்கொண்டு, நியாயமாக இயன்ற அளவுக்குக் குறைத்தல் என்ற முறையைப் பின்பற்றுகின்றனர். காரீயத்திற்கு உடலில் யாதொரு வேலையும் இல்லை. பெட்ரோலிலும் வண்ணத்திலும் அதற்கு மாற்றுப் பொருள் உண்டு. எனவே கதிர்வீச்சில் தயங்கி எடுக்க வேண்டிய முடிவைக் காரீயத்தில் தயங்காமல் எடுக்கலாம். ஒரே விதியை எல்லா நஞ்சுக்கும் நீட்டுவது சோம்பலேயாகும்.

யாருடைய உடலுக்கு வரம்பு

வயதுவந்தவர் உட்கொள்ளும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே குடல் உறிஞ்சுகிறது. சிறுபிள்ளையின் குடலோ பாதியளவு வரை உறிஞ்சும். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடலில் உறிஞ்சுதல் மேலும் மிகும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 6 முதல் 59 மாத வயதுப் பிள்ளைகளில் 67 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். அயல்நாட்டில் நன்கு உண்ட பிள்ளையை மனத்திற் கொண்டு வகுத்த எண்ணை இங்கே அப்படியே பெயர்த்து வைப்பது எழுத்துக்குச் சரி, உடலுக்குச் சரியன்று. 2020-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் வெளியிட்ட மதிப்பீடு, 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் காரீயம் உடைய பிள்ளைகள் உலகில் 80 கோடி வரை உள்ளனர் எனவும், அவர்களுள் இந்தியர் 27 கோடிக்கு மேல் எனவும் கூறுகிறது.

நஞ்சை அகற்றுவதற்குப் பதிலாக நலிந்தவரை அகற்றும் வழக்கமும் உண்டு. அமெரிக்காவில் மின்கலம் செய்யும் நிறுவனம் ஒன்று 1982-இல், கருவுற இயலாதவர் என மருத்துவச் சான்று காட்டாத பெண்கள் எவரும் காரீயப் பகுதியில் வேலை செய்யக் கூடாது என்று விதித்தது. அவ்வேலைக்கே ஊதியம் அதிகம். காரீயம் ஆண்களின் இனப்பெருக்கத்தையும் கெடுக்கும் என்பதை அவ்விதி கவனிக்கவில்லை. 1991-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாது எனத் தீர்த்தது.

இந்தியாவில் பெட்ரோலிலிருந்து காரீயம் 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. உலகில் இறுதியாக 2021-இல் அல்ஜீரியாவில் அதன் விற்பனை நின்றது. வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்னும் 2016-ஆம் ஆண்டு விதிகள் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. எஞ்சியிருக்கும் பெரிய வழி பழைய மின்கலங்களை உருக்கும் குடிசைத் தொழில். உலை வைப்பவனும், அவன் பிள்ளையும், வரம்பினால் காக்கப்பட வேண்டியவரும், வரம்பை மீறியதற்காகத் தண்டிக்கப்படுபவரும் ஒரே குடும்பத்தார். அவ்வுலையை மட்டும் இடித்தால் அது அடுத்த கிராமத்திற்குப் போகும். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைப்பது இதனாலேயே பொருத்தமாகிறது. பங்களாதேஷில் மஞ்சளுக்கு நிறமேற்றக் காரீயக் குரோமேட் கலந்தது தெரிந்ததும் அரசாங்கமும் ஆராய்ச்சியாளரும் சந்தைக்கே கருவியுடன் சென்று வணிகரைக் கண்காணித்தனர்; 2019-இல் 47 விழுக்காடு மாதிரிகளில் இருந்த கலப்படம் 2021-இல் காணப்படவில்லை.

குடிநீர்த் தரக் கட்டளையைக் கையாளும் கள அலுவலர் அதில் இரு பத்திகள் இருப்பதை அறிவர். ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாவிடத்து 1.5. காரீயத்திற்கு 0.01; அதில் தளர்வு இல்லை. 1.0-க்கும் 1.5-க்கும் இடைப்பட்ட வேறுபாடு குடிப்பவரின் எலும்பைப் பற்றியதன்று, ஊரின் நீர்வளத்தைப் பற்றியது. 1.4 உள்ள கிணற்றுக்கு ‘வரம்புக்குட்பட்டது’ என்று மட்டும் எழுதினால், வேறு வழியின்மையால் பொறுத்துக்கொள்ளப்பட்டது என்ற செய்தி ஊராருக்கு எட்டாமற் போகும். எண்ணையும், அது எப்பத்தியின்படி ஏற்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுதல் வேண்டும்.

பள்ளிகளைப் பொறுத்தவரை, 2016 விதிகள் தொழிற்சாலை உபயோக வண்ணங்களைத் தழுவவில்லை. ஆகையால் சன்னற் கம்பி, இரும்புக் கதவு, விளையாட்டுச் சறுக்கு ஆகியவற்றுக்கு மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் வாங்கும்போது காரீயம் கலவாதது என்று தகரத்தின்மேல் அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டுவதாலும் தேய்ப்பதாலும் எழும் தூசியே பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் செல்கிறது. எனவே அவ்வேலையை விடுமுறையில், பரப்பை நனைத்துக் கொண்டு செய்வித்து, உதிர்ந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுத்த பின்னரே வகுப்பைத் திறக்க வேண்டும்.